பிரெஞ்சு உணவகத்தில் சாப்பாடு கேட்பது எப்படி? – கேள்வி பதில்

பாரிஸில் ஓர் உணவகத்தில் பரிமாறும் வேலை பார்க்கிறேன். பிரான்சுக்கு வரவிருப்பவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

கேள்வி: அக்கா, முதல்முறை பாரிஸ் வருகிறோம். பிரெஞ்சு சுத்தமாகத் தெரியாது. எதையாவது ஒன்றைக் கற்றுக்கொண்டு வரலாம் என்றால் எதை?

"போன்ஜூர்", மாலையில் "போன்சுவார்". உள்ளே வந்ததும் இதைச் சொல்லாமல் நேராக இடம் கேட்பதை இங்கே மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள். வணக்கம் சொன்ன பிறகு "யூன் தாப்ல் பூர் கத்ர், சில் வு ப்லே" (நாலு பேருக்கு மேசை, தயவுசெய்து). உணவு கேட்க "ஜு வுத்ரே" (எனக்கு வேண்டும்) என்று தொடங்கி, அட்டையில் விரலை வைத்துக் காட்டினாலே போதும். பரிமாறுபவரைக் கூப்பிடக் கையை லேசாக உயர்த்தி "சில் வு ப்லே" என்று சொல்லுங்கள். "கார்சோன்" என்று மட்டும் கூப்பிடாதீர்கள். அதற்குப் 'பையா' என்று பொருள்.

கேள்வி: டொராண்டோவிலிருந்து வருகிறேன். அங்கே 'அந்த்ரே' என்றால் முக்கிய உணவு. பிரான்சிலும் அப்படித்தானா?

இல்லை. இங்கே அந்த்ரே முதலில் வரும் சிறு உணவு, முக்கிய உணவு "ப்லா", இனிப்பு "தெசேர்". உணவுப் பட்டியல் வேண்டுமானால் "லா கார்த்" கேளுங்கள். "மெனு", "ஃபோர்முல்" என்றெல்லாம் எழுதியிருந்தால் ஒரே விலைக்கு இரண்டு மூன்று உணவு சேர்ந்த தொகுப்பு. மதியத்தில் பணம் மிச்சம் பிடிக்க "ப்லா து ஜூர்" (அன்றைய உணவு) நல்லது. பல கடைகளில் இரண்டு மணிக்கு மேல் சமையலறையை மூடிவிடுவார்கள். "செர்விஸ் கோந்தினு" என்ற பலகை இருந்தால் எப்போதும் சாப்பிடலாம்.

கேள்வி: அம்மா சுத்த சைவம். 'வெஜெதாரியென்' என்று சொன்னால் போதுமா?

போதாது. மீனை இறைச்சியாகவே எண்ணாதவர்கள் இங்கே உண்டு. "சான் வியாந்த், சான் புவாசோன்" (இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம்) என்று சேர்த்துச் சொல்லுங்கள். முட்டையும் ஆகாது என்றால் "சான் எஃப்". வெங்காய சூப்பைப் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாற்றில்தான் செய்வார்கள். சாலட்டில் "லார்தோன்" என்ற பன்றி இறைச்சித் துண்டுகள் கிடக்கும், கீஷ் லொரேன் என்ற முட்டை சேர்த்துச் சுட்ட பண்டத்திலும் அதுவே. ஆகவே ஒவ்வொரு உணவுக்கும் "இல் யா து லா வியாந்த் துதான்?" (இதில் இறைச்சி இருக்கிறதா?) என்று கேளுங்கள். கேட்பதால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோந்தே, ரோக்ஃபோர் போன்ற பாலாடைக்கட்டிகளில் விலங்கின் வயிற்றிலிருந்து எடுத்த, பாலை உறையவைக்கும் பொருள் சேர்கிறது. அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நான் கோழி, ஆடு சாப்பிடுவேன், மாடு மட்டும் வேண்டாம்.

"ஜு ந மான்ஜ் பா து பெஃப்." ஆனால் "வோ" என்றால் கன்றுக்குட்டி, அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முக்கியமாக, "ரி து வோ" என்று பார்த்துவிட்டு, 'ரி' அரிசிதானே என்று கேட்டுவிடாதீர்கள். அது கன்றின் கழுத்துச் சுரப்பி. கோழி "பூலே", ஆட்டுக்குட்டி "அன்யோ".

கேள்வி: மகனுக்கு நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது. பயமாக இருக்கிறது.

"மோன் ஃபிஸ் எ அலெர்ஜிக் ஓ கக்கவெத்" (என் மகனுக்கு நிலக்கடலை ஒவ்வாது). பிரெஞ்சில் தாளில் எழுதிக் கொண்டுவந்து, சமையலறையில் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வாமை தரும் 14 பொருள்கள் எந்தெந்த உணவில் உள்ளன என்பதை எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி: தண்ணீருக்கும் காசா? டிப்ஸ் எவ்வளவு?

வெறுமனே தண்ணீர் என்று கேட்டால் பாட்டில் வரும், காசும் வரும். "யூன் கராஃப் தோ" என்று கேளுங்கள், குழாய்த் தண்ணீர் இலவசம். அதை வாடிக்கையாளருக்குத் தெரியும்படி எழுதி வைக்க வேண்டும் என்பது 2022 முதல் கட்டாயம். சேவைக் கட்டணம் விலையிலேயே அடக்கம். மனசிருந்தால் சில்லறை வைக்கலாம். பில்லை நீங்கள் கேட்டால்தான் கொண்டுவருவோம், "லாதிசியோன், சில் வு ப்லே".

கேள்வி: உச்சரிப்பு வரவே மாட்டேன் என்கிறதே!

வரும். பிரெஞ்சு 'த' நம் 'த' போலவே நாக்கு பல்லைத் தொட்டு வரும். மூக்கொலியும் நமக்குப் பழக்கம்தான். "நேத்து வந்தேன்" என்று வேகமாகப் பேசும்போது கடைசி 'ன்' முழுசாக வராமல் மூக்கோடு நிற்கிறதல்லவா? ரொட்டியைக் குறிக்கும் "பேன்" என்பதை அப்படியே சொல்லுங்கள்.