பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் ‘கடகட’ சத்தம்: ஷாக் அப்சார்பரா, பிரேக்கா?

கார் பள்ளத்தில் இறங்கும்போது முன்பக்கம் சத்தம் வருகிறது, மெக்கானிக் ஷாக் அப்சார்பரை மாற்றச் சொல்கிறார், மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அதே மோசமான சாலையில் மெதுவாக, பிரேக்கை லேசாக மிதித்தபடியே ஓட்டிப் பாருங்கள். சத்தம் சட்டென்று நின்றால் சந்தேகம் பிரேக் மேல்தான், ஏனென்றால் மிதித்ததும் பேடுகள் (பிரேக் கட்டைகள்) சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற தட்டை இறுக்கிப் பிடித்து ஆட்டத்தை நிறுத்திவிடும். தொடர்ந்தால் சஸ்பென்ஷன் பாகங்களான லிங்க் ராடு, லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட் என்று தேடுங்கள்.

பிரேக்தான் என்றால் சக்கரத்தைக் கழற்றி (ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள்) காலிப்பரை (பேடுகளைத் தாங்கி அழுத்தும் பாகம்) கையால் ஆட்டிப் பாருங்கள். ‘டக் டக்’கென்று தட்டினால் ஸ்லைடு பின் (காலிப்பர் நகர்வதற்கான கம்பி) தேய்ந்திருக்கலாம், கிரீஸ் காய்ந்திருக்கலாம். அதற்கு சிலிக்கான் பிரேக் கிரீஸ்தான் போட வேண்டும், சாதாரண கிரீஸ் ரப்பரை உப்பவைத்துவிடும். என் வண்டியில் பேடு மாற்றியவர் அதன் இரு முனையிலும் உட்காரும் மெல்லிய ஸ்டீல் கிளிப்புகளைத் திரும்பப் போடவே இல்லை. விரலால் தள்ளினாலே பேடு ஆடியது. புது கிளிப் போட்டதும் சத்தம் போயே போய்விட்டது.

அப்புறம், பிரேக் மிதிக்கும்போது ஒரே ஒரு ‘டங்’, ரிவர்ஸில் மிதித்தால் இன்னொரு ‘டங்’ என்று கேட்டால் முதலில் காலிப்பர் போல்ட்டைப் பாருங்கள். லூஸாக இருந்தால், சரியான டார்க்கில் (முறுக்கு விசையில்) முடுக்கும்வரை வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.