டேட்டா சென்டர் வருகிறதென்று ஆயிரம் அடி போர் போடலாமா?

கேள்வி: மதுரை நாகமலை புதுக்கோட்டையில் வீடு. 320 அடி போர், இப்போதைக்குத் தண்ணீருக்குக் குறைவில்லை. ஆனால் பக்கத்தில் டேட்டா சென்டர் வரப்போகிறது, வந்தால் உங்கள் போர் வற்றிவிடும், இப்போதே ஆயிரம் அடி போட்டுவிடுங்கள் என்று போர் ஏஜென்ட் ஒருவர் அவசரப்படுத்துகிறார். போடலாமா சார்?

பதில்: வேண்டாம். நம் பக்கம் கீழே இருப்பது கெட்டிப் பாறை, தண்ணீர் அதன் வெடிப்புகளில்தான் நிற்கிறது, ஆழம் போகப் போக அந்த வெடிப்பும் அருகிவிடும். அப்புறம் வெறும் புகைதான் வரும். அந்தப் புகைக்கும் அடிக்கணக்கில் நீங்கள்தான் காசு கட்ட வேண்டும், ஆழம் கூடினால் அடி ரேட்டும் ஏறும், ஏஜென்டின் கமிஷனும் சேர்ந்தே ஏறும். உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவரை அவரே கூட்டிவருவார், மோட்டார் கடையும் அவர் கைகாட்டுகிற கடையாகத்தான் இருக்கும்.

சரி, டேட்டா சென்டர். சர்வர் என்கிற கம்ப்யூட்டர்களை வரிசையாக அடுக்கி ராத்திரி பகலாக ஓட்டுகிற கட்டடம் அது. சர்வர் இழுக்கிற கரண்ட் முழுக்கச் சூடாகத்தான் வெளியேறுகிறது. அதைத் தண்ணீரை ஆவியாக்கித் தணித்தால் ஒரு மெகாவாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 35,000 லிட்டர், அதாவது 12,000 லிட்டர் லாரி மூன்று. காற்றிலேயே குளிரவைக்கிற வகைக்குத் தண்ணீர் ரொம்பக் குறைவு, கரண்ட் கூடுதல். "எங்களுடையது மூடிய சுற்று, ஒரே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வரும், தண்ணீரே செலவாகாது" என்பார்கள் கம்பெனிக்காரர்கள். உள்ளே குழாய் மூடியிருக்கலாம், வெளியே கூலிங் டவர் நின்றால் தண்ணீர் ஆவியாகிக்கொண்டேதான் இருக்கும். டவர் உண்டா, அதற்குத் தண்ணீர் எங்கிருந்து என்று மட்டும் கேளுங்கள்.

சென்னையில் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் தினமும் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை நன்றாகச் சுத்திகரித்து ஆலைகளுக்குக் கொடுக்க ஏற்பாடு இருக்கிறது. மதுரையிலும் அவனியாபுரம், சக்கிமங்கலத்தில் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது, அந்தத் தண்ணீரை இன்னும் மேலே சுத்திகரித்து எடுத்துக்கொள் என்று டேட்டா சென்டர் கம்பெனிக்கு அனுமதி கொடுக்கும்போதே எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது. யார் எழுதுவது? நிலத்தடி நீருக்கென்று 2003-ல் ஒரு சட்டம் போட்டார்கள், 2013-ல் அதையும் ரத்து செய்துவிட்டார்கள். இன்று எந்த ஆபீசில் கேட்டாலும் பக்கத்து ஆபீசைத்தான் காட்டுவார்கள்.

உங்கள் போருக்கு ஆபத்து என்றால் அது லாரிக்காரர் வழியாகத்தான் வரும். கம்பெனி போர் போடாவிட்டாலும், அதற்குத் தண்ணீர் தருகிறேன் என்று ஒப்பந்தம் எடுத்தவர் பக்கத்துத் தோட்டத்து போரை ராத்திரி பகலாக ஓட்டுவார். அந்த போரும் உங்களுடையதும் ஒரே வெடிப்பில் இருந்தால் மட்டம் இறங்கும். அப்போதும் உடனே புது போருக்கு ஓடாதீர்கள். மோட்டார் 250 அடியில் தொங்கினால் 300-க்கு இறக்கிப் பாருங்கள். இறக்கியும் வரவில்லை, தோட்டத்து போர் நின்ற நாட்களில்கூட ஊறவில்லை, மாடக்குளம் கண்மாய் நிறைந்த பிறகும் அதே கதைதான் என்றால், அப்போது மட்டும் நிலவியல் படித்தவரை வைத்துக் கருவியால் பார்த்துவிட்டு ஆழப்படுத்துவதை யோசிக்கலாம். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் யோசிக்கக்கூட வேண்டாம்.

இந்த மாதத்திலிருந்தே போர் மெக்கானிக்கை வைத்து மாதம் ஒருமுறை நீர்மட்டம் பார்த்துத் தேதியோடு எழுதி வையுங்கள். நாளைக்கு லாரி ஓட ஆரம்பித்தால் கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனுவோடு அந்தக் கணக்கையும் இணைத்துக் கொடுங்கள். அது இல்லாவிட்டால் மழை பெய்யவில்லை, அதனால்தான் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள்.