அப்பாவின் துப்பாக்கியைத் தெரிந்தவருக்கு நேரடியாக விற்கலாமா?

கேள்வி இதுதான்: அப்பா இறந்து சில மாதங்கள் ஆகின்றன. அவர் லைசென்ஸில் இருந்த 12 போர் (bore, குழல் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கி இன்னும் வீட்டு பீரோவில்தான் இருக்கிறது. பக்கத்து ஊர்த் தோட்டக்காரர் ஒருவர் நல்ல விலை தருகிறேன் என்கிறார். துப்பாக்கிக் கடை வழியாகப் போகாமல் நாமே விற்றுவிடலாமா?

விற்கலாம். இந்தியாவில் தனிநபர் இன்னொரு தனிநபருக்குத் துப்பாக்கி விற்கச் சட்டம் தெளிவாகவே வழி வைத்திருக்கிறது. ஆனால் உங்கள் நிலைமையில் விற்பனை இரண்டாவது வேலை. முதல் வேலை, அந்தத் துப்பாக்கியை வீட்டை விட்டு வெளியே கொண்டுபோய் ஒப்படைப்பது.

எங்கள் குடும்பத்திலும் இது நடந்தது. பெரியப்பா காட்டுப்பன்றிக்காகத் தோட்டத்தில் ஒரு துப்பாக்கி வைத்திருந்தார். அவர் போன பிறகு பெரியம்மாவுடன் ஸ்டேஷனுக்கும் கலெக்டர் ஆபீஸுக்கும் அலைந்தது நான்தான். அதனால் சட்டப் புத்தகத்தில் இருப்பதையும் நடைமுறையையும் சேர்த்தே சொல்கிறேன்.

லைசென்ஸ் என்பது துப்பாக்கிக்குக் கொடுத்தது அல்ல, ஆளுக்குக் கொடுத்தது. அப்பா இறந்ததும் அந்த லைசென்ஸும் போய்விட்டது. இப்போது துப்பாக்கி உங்கள் வீட்டில் இருப்பதற்கு எந்த அனுமதியும் இல்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, இப்படிப்பட்ட ஆயுதத்தைத் தேவையில்லாத தாமதம் இல்லாமல் பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது. மீதித் தோட்டாக்களுக்கும் இதேதான். ஒப்படைத்தால் உரிமை போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். போகாது. வாரிசு தன் பெயரில் லைசென்ஸ் வாங்கித் திரும்பப் பெறலாம், அல்லது அது அங்கே இருக்கும்போதே தகுதியுள்ள ஒருவருக்கு விற்றுப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். இரண்டையும் அதே பிரிவு சொல்கிறது. ஆனால் அதற்கென்று ஒரு கெடு உண்டு. அதைத் தாண்ட விட்டால் துப்பாக்கி அரசுக்குப் போய்விடும். ஸ்டேஷனில் கொடுக்கும் ரசீதில் தயாரிப்பாளர் பெயரும் துப்பாக்கி எண்ணும் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பழைய துப்பாக்கிகளில் அந்த எண்ணே தேய்ந்து போயிருக்கும். இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தயாரிப்பாளர் பெயரோ எண்ணோ வேறு அடையாளக் குறியோ தெளிவாக இல்லாத துப்பாக்கியை விற்கவே கூடாது என்கிறது 8ஆவது பிரிவு. அப்படி இருந்தால் ஒப்படைக்கும்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள்.

சரி, விற்பனைக்கு வருவோம். 5ஆவது பிரிவின் முதல் பகுதி, லைசென்ஸ் இல்லாமல் யாரும் ஆயுத வியாபாரம் செய்யக் கூடாது என்கிறது. இரண்டாவது பகுதிதான் உங்களுக்கு வேண்டியது. சொந்த உபயோகத்துக்காகச் சட்டப்படி வைத்திருக்கும் ஆயுதத்தை, அதை வைத்துக்கொள்ளத் தகுதியுள்ள இன்னொருவருக்கு வியாபாரி லைசென்ஸ் இல்லாமலே ஒருவர் விற்கலாம். நிபந்தனை இரண்டு. விற்கப்போவதையும் வாங்குபவரின் பெயர், முகவரியையும் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ பக்கத்து ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரிக்கோ எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்த பிறகு குறைந்தது 45 நாள் கழிய வேண்டும். மாவட்ட மாஜிஸ்திரேட் என்றால் கலெக்டர். கமிஷனர் இருக்கும் சென்னை போன்ற நகரங்களில் கமிஷனர்.

சட்டத்தில் இருக்கும் வார்த்தை ‘தெரிவிக்க வேண்டும்’ என்பதுதான். ஆனால் நடைமுறையில் ஆபீஸிலிருந்து அனுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை யாரும் துப்பாக்கியைக் கைமாற்றுவதில்லை. நீங்களும் அப்படியே செய்யுங்கள். 45 நாள் முடிந்துவிட்டதே, இனி நம் இஷ்டம் என்று கிளம்ப வேண்டாம். இறப்புச் சான்றிதழ், தாசில்தார் கொடுத்த வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபனை இல்லை என்ற கடிதம், ஸ்டேஷன் ரசீது, வாங்குபவரின் லைசென்ஸ் நகல் எல்லாவற்றையும் முதல் தடவையே கொண்டுபோனால் அலைச்சல் பாதி குறையும். எங்களுக்கு அதிக நாள் இழுத்தது வெளிநாட்டில் இருந்த அண்ணனின் கடிதம்தான்.

இப்போது அந்தத் தோட்டக்காரர். அவருக்கு ஊரில் நல்ல பெயர் இருப்பது போதாது. அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும், அது இந்த வகைத் துப்பாக்கிக்கு உரியதாக இருக்க வேண்டும், அதில் இடமும் இருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம், முன்பு மூன்று. ஏற்கெனவே இரண்டு வைத்திருப்பவருக்கு உங்களுடையதை விற்க முடியாது. 21 வயது நிரம்பாதவருக்கும் கூடாது. தகுதி இல்லாதவர் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தோ ஒருவருக்கு விற்பது 9ஆவது பிரிவின்படி குற்றம். வாங்குபவருக்கு உரிமை இருக்கிறதா என்று பார்க்காமலே ஆயுதத்தைக் கையில் கொடுப்பதை 29ஆவது பிரிவு தனிக் குற்றமாக வைத்திருக்கிறது. ‘அவர் இருக்குன்னு சொன்னார், நம்பிட்டேன்’ என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. பார்க்க வேண்டியவர் விற்பவர்தான். லைசென்ஸ் நகலை வாட்ஸ்அப்பில் வாங்கி வைத்துக்கொண்டு திருப்திப்படாமல், அசலை நேரில் பாருங்கள். அதில் இருக்கும் தனி அடையாள எண்ணைக் குறித்துக்கொண்டு லைசென்ஸ் பிரிவில் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

அப்புறம், பணம் வாங்காமல் கொடுத்தால் விற்பனை ஆகாதே என்று யோசனை சொல்பவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். சட்டத்தில் கைமாற்றுவது என்பதற்குள் இனாமாகக் கொடுப்பது, இரவல் கொடுப்பது, வாடகைக்கு விடுவது எல்லாம் அடக்கம். ‘ஒரு ராத்திரி பன்றிக் காவலுக்கு’ என்று மச்சானிடம் கொடுத்தனுப்புவதும் அதில் வரும். இது கிராமத்தில் மிகச் சாதாரணமாக நடக்கிறது. அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். 5ஆவது பிரிவை மீறி விற்றாலோ கைமாற்றினாலோ 2019க்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே ஏழு ஆண்டு, ஆயுள்வரை போகலாம். ஒரு பழைய துப்பாக்கிக்காக ஒரு குடும்பம் அந்த நிலைக்குப் போவதை நினைக்கவே மனசு கேட்கவில்லை.

யூடியூபில் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு ‘அங்கே பக்கத்து வீட்டுக்காரனுக்கே விற்கிறானே’ என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே மத்தியச் சட்டம் வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்கும் கடமையை லைசென்ஸ் பெற்ற வியாபாரிகள் மேல்தான் வைத்திருக்கிறது. அதனால் பல மாநிலங்களில் ஒரே மாநிலத்தில் வசிக்கும் இருவர் நேரடியாக விற்று வாங்க முடிகிறது. கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் அதுவும் வியாபாரி வழியாகத்தான். அதையும் நம் ஊரையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

விற்பதற்கு முன் வீட்டில் ஒருமுறை பேசிப் பாருங்கள். உங்களில் ஒருவருக்கு வைத்துக்கொள்ள ஆசையிருந்தால், 2016 ஆயுத விதிகளில் வாரிசு லைசென்ஸுக்குத் தனி ஏற்பாடு இருக்கிறது. உரிமையாளர் உயிரோடு இருக்கும்போதே, அவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ 25 ஆண்டுகள் துப்பாக்கியை வைத்திருந்தாலோ வாரிசுக்கு மாற்றலாம். உங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. ஆனால் இதைப் படிப்பவர்களில் அப்பாவோ தாத்தாவோ லைசென்ஸோடு இருப்பவர்கள் இதை இப்போதே பேசி முடித்துவிடுவது நல்லது. பெரியப்பா இருக்கும்போது எங்களுக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை.

விற்பதுதான் முடிவு என்றால், அனுமதிக் கடிதம் வந்த பிறகு துப்பாக்கியை ஸ்டேஷனிலிருந்து நீங்களாக எடுத்து அவர் வீட்டில் கொடுக்க வேண்டாம். கொடுக்கும் இடத்திலேயே வாங்குபவர் தன் லைசென்ஸோடு வரட்டும். பணத்தை வங்கி வழியாக வாங்குங்கள். துப்பாக்கி எண், தேதி, இருவர் கையெழுத்தோடு ஒரு ஒப்புகை எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அது அவர் லைசென்ஸில் ஏறியதற்கான பக்கத்தின் நகலையும் கேட்டு வாங்கி, அப்பாவின் பழைய லைசென்ஸோடு சேர்த்து வையுங்கள்.