பீடத்துல ஏன் ஓட்டை?

வணக்கம் அண்ணே. கலை வரலாறு புக் ஒண்ணு வாங்கிப் படிச்சேன். பரோக், இம்ப்ரெஷனிசம், க்யூபிசம்னு வரிசையா மனப்பாடமே ஆயிடுச்சு. ஆனா பாண்டிச்சேரி மியூசியம் போனா அரை மணி நேரத்துல வெளிய வந்துடறேன், எல்லா சிலையும் ஒண்ணு போலவே தெரியுது. எப்படித்தான் பாக்குறது?
– எஸ்., கடலூர் முதுநகர்

அன்புள்ள தம்பி,

அந்த இசத்தையெல்லாம் கொஞ்ச நாளைக்கு மூட்டை கட்டி வைங்க. பின்னாடி வந்தவங்க ஒட்டுன பேரு அது, அதுலயும் பல பேரு கிண்டலுக்கு வெச்சது. முதல்ல கேக்க வேண்டியது, இதை எதுக்குச் செஞ்சாங்க, எங்க இருந்துச்சு, யாரு எங்க நின்னு பாத்தாங்க.

அடுத்த தடவை சோழர் கால செப்புத் திருமேனி எதுனா கண்ணுல பட்டா முகத்தை விட்டுட்டு பீடத்தைப் பாருங்க. ஓட்டையோ வளையமோ இருக்கும். கழி சொருகி, கயிறு கட்டித் தூக்கிட்டுப் போறதுக்கு. தெருவுல ஆடி ஆடி வர்றதுக்குச் செஞ்ச சாமிய நாம கண்ணாடிப் பெட்டியில வெச்சுப் பாக்குறோம். சிதம்பரத்துல ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி திருவாதிரைக்கும் மூலவரே தேர்ல வர்றாருல்ல, பட்டு, மாலை, நகைன்னு மூடி முகந்தான் தெரியும், தூக்குன காலை நாமதான் தேடணும். அபிஷேகத்தப்ப பாத்தாத்தான் உண்டு. இருந்தும் துணி மூடப்போற இடுப்பையும் முதுகையும் ஸ்தபதி அப்படி இழைச்சிருக்கார், யாருக்காக? இந்தக் கேள்வி வந்துட்டா ஒரு சிலைக்கே அரை மணி நேரம் பத்தாது தம்பி.

எல்லாம் ஒண்ணு போலன்னு வேற எழுதியிருக்கீங்க. மெழுகுல சிலை செஞ்சு, மேல மண்ணு பூசி, சூடு பண்ணி மெழுகை வடிச்சிட்டு, அந்தப் பள்ளத்துல உலோகத்தை ஊத்துவாங்க, அச்சை உடைச்சாதான் சிலை வெளிய வரும். ஒரு அச்சுக்கு ஒரே சிலைதான்.

வெளிநாட்டுப் படமும் இப்படித்தான். பிரெஞ்சு ஓவியர் மோனே, அவங்க ஊர் லெ ஹாவ்ர் துறைமுகத்தை விடியக்காலையில வரைஞ்ச 'இம்ப்ரெஷன், சூரிய உதயம்' 1874ல பாரிஸ் கண்காட்சிக்கு வந்து, ஒரு பத்திரிகைக்காரர் அந்தப் பேரை வெச்சு நக்கலடிக்கப் போய்தான் நீங்க மனப்பாடம் பண்ண இசமே பொறந்துச்சு. பனியில போட் கிளம்புறதைப் பாத்து வளந்த முதுநகர்காரருக்கு அந்தப் படத்தை நான் என்னத்த விளக்குறது. போன்ல அதை பிளாக் அண்ட் ஒயிட்டா மாத்திப் பாருங்க, ஆரஞ்சு சூரியன் கிட்டத்தட்ட காணாமப் போயிடும். சூரியனுக்கும் பக்கத்து வானத்துக்கும் நிறந்தான் வேற, வெளிச்சம் ஏறக்குறைய ஒண்ணு, கலர்ல அது துடிக்கிற மாதிரி தெரியறது அதனாலதான். இன்னொண்ணு, அந்தக் கோஷ்டி வெளியில உக்காந்து வரைய முடிஞ்சதுக்கு ட்யூப் பெயிண்டும் ஒரு காரணம். 1841ல ஜான் ராண்ட்னு ஒரு ஓவியர் அதுக்கு பேடன்ட் வாங்கினார், அதுக்கு முன்ன பன்னியோட மூத்திரப்பையில அடைச்சு வெச்சிருந்தாங்க, நாத்தம் எப்படியோ!

உங்களுக்கு சிதம்பரம் பக்கம்தானே. கோபுர வாசல் சுவர்ல 108 கரணமும், அதாவது நாட்டிய நிலையும், சிற்பமா இருக்கு, கிழக்கு, மேற்கு கோபுரத்துல நாட்டிய சாஸ்திர ஸ்லோகத்தையும் கூடவே வெட்டியிருக்காங்க. மூணே மூணு கரணம் மட்டும் எடுத்துக்கிட்டு, உடம்பு வெயிட்டு எந்தக் கால்ல விழுதுன்னு பாத்து எழுதுங்க. வீட்டுல யாரும் இல்லாதப்ப அதே மாதிரி நின்னும் பாக்கலாம், இடுப்பு பிடிச்சுக்கிட்டா நான் பொறுப்பில்ல.