கம்பெனி திவாலானால் கெட்டுப்போன கிணறு யார் பொறுப்பு?

கேள்வி: ஈரோடு மாவட்டத்தில் நான்கு ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். பக்கத்துச் சாயப்பட்டறைக் கம்பெனியின் கழிவால் கிணறு கெட்டுவிட்டது. அப்பா நட்ட மரங்கள் கண்ணெதிரே காய்கின்றன. ஈடு தருவதாகச் சத்தியம் செய்த முதலாளி இப்போது போனையே எடுப்பதில்லை. பசுமைத் தீர்ப்பாயத்தில் கம்பெனி மீது இழப்பீட்டு வழக்குப் போட்டிருக்கிறேன். இதற்கிடையில் கம்பெனி திவால் நடவடிக்கைக்குப் போய்விட்டது. தீர்ப்பு வரும்வரை பொறுத்திருக்கலாமா?

பதில்: பொறுத்திருந்தால் பணம் போய்விடும். முதலாளியின் சத்தியத்தை விடுங்கள், அது எந்தத் தீர்ப்பாயத்திலும் செல்லாது. திவால் நடவடிக்கையில் கம்பெனியை நிர்வகிக்க நியமிக்கப்படுகிற தீர்வு நிபுணரிடம் உங்கள் கோரிக்கையைத் தாக்கல் செய்தீர்களா? உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

திவால் மனு ஏற்கப்பட்டதுமே, 2016ஆம் ஆண்டு திவால் சட்டத்தின் 14ஆம் பிரிவு கம்பெனிக்கு எதிரான வழக்குகளை நிறுத்திவைக்கிறது. உங்கள் இழப்பீட்டு வழக்கும் அதில் அடக்கம் என்று எதிர்த்தரப்பு நிச்சயம் சொல்லும். அது பரவாயில்லை. அதற்கு அடுத்த கட்டத்தில்தான் கட்சிக்காரர்கள் விழுகிறார்கள். யாரோ ஒருவர் கம்பெனியை வாங்கத் திட்டம் கொடுப்பார், திவால் வழக்கை நடத்தும் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் அதற்கு ஒப்புதல் தரும். அந்தத் திட்டத்தில் இடம்பெறாத பழைய பாக்கி அத்தோடு செத்துப்போகும். உச்ச நீதிமன்றம் 2021இல் கனஷ்யாம் மிஷ்ரா வழக்கில் சொன்னது இதுதான். அரசாங்கத்தின் வரிப் பாக்கிக்கே அந்தக் கதி என்றால் தென்னைக்கு என்ன விலக்கு?

'இன்னும் தீர்ப்பே வரவில்லை, எந்தத் தொகையைக் கேட்பது?' என்பார்கள். இதே கேள்வியோடு உட்கார்ந்திருந்து கோட்டைவிட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். தொகை உறுதியாகாவிட்டால், கையில் உள்ள தகவலை வைத்துத் தீர்வு நிபுணரே மதிப்பிட வேண்டும் என்று விதி இருக்கிறது. நீர்ப் பரிசோதனை அறிக்கை, மகசூல் கணக்கு, வழக்கு நகல் எல்லாவற்றையும் சேர்த்துப் படிவம் எஃப்-இல் இந்த வாரமே போடுங்கள். நடவடிக்கை தொடங்கி 90 நாள் தாண்டியிருந்தாலும் போடுங்கள். தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம். ஆனால் கடன் கொடுத்தவர்கள் குழு திட்டத்துக்கு ஓட்டுப் போட்ட பிறகு வந்த ஒரு கோரிக்கையை 2023இல் உச்ச நீதிமன்றமே ஏற்கவில்லை.

இன்னொரு பள்ளம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். வாரியம் அபராதம் கேட்டு மனுப் போட்டிருக்கிறது, அதில் நம்முடையதும் சேர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். அது வாரியத்தின் பணம். அப்புறம், இயக்குநர்களையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்திருக்கிறீர்களா? 14ஆம் பிரிவின் தடை அவர்களைக் காப்பாற்றாது. ஆனால் பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்க ஐந்து வருடம்தான். கம்பெனியைப் பொறுத்தவரை தடைக்காலம் அந்தக் கணக்கில் சேராது, இயக்குநர்களைப் பொறுத்தவரை கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும்.

சரி, எவ்வளவு கிடைக்கும்? உண்மையைச் சொல்கிறேன், வங்கிகள் எடுத்தது போக மிஞ்சுவது சில்லறைதான். அதனால் சமரசம் பேசுங்கள். பழைய முதலாளியோடு அல்ல, கம்பெனி இப்போது அவர் கையில் இல்லை. வாங்க வருகிறவரோடு பேசுங்கள். ஆலையை ஓட்ட அவருக்கு வாரியத்தின் இசைவாணை வேண்டும், ஊரில் தகராறு இருந்தால் அது அவருக்குத்தான் தலைவலி. குழாய்வழி நல்ல தண்ணீர், கழிவு மண்ணை அள்ளுவது, ஒரு தொகை என்று கேட்டு, அதைத் திட்டத்திலேயே எழுத வையுங்கள். அரசு சுத்தம் செய்யும் என்று காத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ராணிப்பேட்டை இருக்கிறது. 1990களில் மூடிய குரோமேட் ஆலையின் கழிவு, ஒரு லட்சம் டன்னுக்கு மேல், பல வருடம் அங்கேயே மலையாகக் கிடந்தது.

ஒப்பந்தத்தில் 'யார் மீதும் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். 'யார் மீதும்' என்பதில் பழைய இயக்குநர்களும் அடக்கம். அந்தச் சொல்லை அடித்துவிட்டு 'புதிய உரிமையாளர் மீது, இதுவரை நடந்த மாசுக்காக' என்று மாற்றச் சொல்லுங்கள். மாற்ற மறுத்தால் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போங்கள்.