அவரை நியாயந்தீர்க்கச் சொல்லி ஜெபிப்பது பாவமா?

கேள்வி: என் கணவர் பல வருடங்கள் என்னை அடித்தார். பிள்ளைகளோடு பிரிந்து வந்துவிட்டேன். இப்போது மனந்திரும்பிவிட்டதாகச் சபையில் சாட்சி சொல்கிறார். "தேவனே மன்னித்துவிட்டார், நீ திரும்பிப் போகக் கூடாதா?" என்று மூப்பர்கள் கேட்கிறார்கள். நானோ, ஆண்டவர் அவரை நியாயந்தீர்க்க வேண்டும் என்று ஜெபிக்கிறேன். இது பாவமா?

பதில்: அன்புச் சகோதரி, பாவமில்லை. உங்கள் ஜெபம் வேதத்திலேயே இருக்கிறது. 94ஆம் சங்கீதம் "நீதியைச் சரிக்கட்டுகிற தேவனாகிய கர்த்தாவே" என்றுதான் தொடங்குகிறது. 98ஆம் சங்கீதத்தில் ஆறுகள் கைகொட்டுகின்றன, மலைகள் பாடுகின்றன. கர்த்தர் பூமியை நியாயந்தீர்க்க வருகிறார் என்பதற்காகத்தான் அத்தனை சந்தோஷம். அடித்தவனை நடுங்க வைக்கும் அதே செய்தி அடிபட்டவளுக்கு ஆறுதல். லூக்கா 18இல் தன் எதிராளியின் விஷயத்தில் நியாயம் கேட்டு விடாமல் வந்துகொண்டிருந்த விதவையை, சோர்ந்துபோகாமல் ஜெபிப்பதற்கு முன்மாதிரியாக இயேசுவே காட்டினார்.

உங்களை நிஜமாக வாட்டுவது அடுத்த கேள்வி என்று நினைக்கிறேன்: தேவன் அவருக்கு இரங்கினால், உங்களைக் கைவிட்டதாகிவிடாதா? நினிவே நகரத்துக்குத் தேவனின் தீர்ப்பை அறிவிக்க அனுப்பப்பட்ட தீர்க்கதரிசி யோனா இதைத்தான் கேட்டுக் கோபப்பட்டார். நினிவே இரத்தப்பழி சுமந்த நகரம். அது மனந்திரும்பி அந்தத் தீர்ப்புக்குத் தப்பியதும், "நீர் இரக்கமுள்ளவர் என்று எனக்குத் தெரியும்" என்பதையே குற்றச்சாட்டாகத் தேவனிடம் வைத்தார். தேவன் அவரைத் தள்ளிவிடவில்லை, உட்கார்ந்து பேசினார். உங்கள் கோபத்துக்கும் அவரிடம் இடமுண்டு.

ஆனால் நினிவே எப்படித் தப்பியது என்பதைப் பிரசங்கங்களில் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள். ஒவ்வொருவனும் தன் கைகளிலுள்ள கொடுமையை விட்டுத் திரும்ப வேண்டும் என்பது அந்த நகரத்து ராஜாவின் கட்டளை. தேவன் பார்த்தது அவர்களுடைய கிரியைகளை என்று யோனா 3:10 சொல்கிறது. வெறும் அழுகையை அல்ல. பிறகு நாகூம் புத்தகத்தைப் படியுங்கள். அதே நினிவே, அதே "நீடிய சாந்தமுள்ள" கர்த்தர், ஆனால் இம்முறை தீர்ப்பு. கி.மு. 612இல் அந்த நகரம் விழுந்தது. இரக்கம் கிடைத்தது என்பதற்காகக் கொடுமை செய்ய உரிமை கிடைத்துவிடவில்லை.

உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு அவனையும் கொல்வித்த தாவீது ராஜாவைச் சொல்லியும் உங்களை வற்புறுத்துவார்கள். தீர்க்கதரிசி நாத்தான் அவரிடம் கர்த்தர் பாவத்தை நீங்கச்செய்தார் என்று சொன்னது உண்மை. பட்டயம் உன் வீட்டைவிட்டு விலகாது என்று சொன்னதும் அதே நாத்தான்தான், அதே அதிகாரத்தில்தான். மன்னிப்பு கிடைத்தது, பின்விளைவு நீங்கவில்லை. இயேசுவைச் சந்தித்த வரி வசூலிப்பவனான சகேயுவோ, யாரும் கேட்பதற்கு முன்பே, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பித் தருவதாக எழுந்து நின்று சொன்னான்.

ஆகவே மூப்பர்கள் மறுபடி வந்தால், "மனந்திரும்புதலுக்கு ஏற்ற கனிகளைக் கொடுங்கள்" என்ற யோவான்ஸ்நானகனின் வார்த்தையை அவர்களிடமே வையுங்கள். சாட்சி சொன்ன அதே சபைமுன் செய்ததை மறைக்காமல் ஒப்புக்கொண்டாரா? கோபத்துக்குச் சிகிச்சையோ ஆலோசனையோ பெறுகிறாரா? பிள்ளைகளின் செலவை ஏற்கிறாரா? நீங்கள் திரும்பி வராவிட்டாலும் இவற்றைச் செய்வாரா? கடைசிக் கேள்விக்கு அவர் என்ன பதில் சொல்கிறார் என்பதைக் கவனித்துக் கேளுங்கள்.

பழிவாங்குதலைக் கர்த்தரிடம் விட்டுவிடுவது ஒன்று, அடித்தவரின் கூரையின்கீழ் மறுபடி போய் நிற்பது வேறொன்று. முதலாவதைத்தான் வேதம் உங்களிடம் கேட்கிறது. நீங்கள் அதை ஏற்கெனவே ஜெபத்தில் செய்துகொண்டிருக்கிறீர்கள். இப்போது இருக்கிற இடத்திலேயே, பிள்ளைகளோடு பத்திரமாக இருங்கள்.