நெஞ்செரிச்சல் மாத்திரை செல்களின் ஆற்றலை நிறுத்திவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 54. நெஞ்செரிச்சலுக்காக மூன்று ஆண்டுகளாக ஓமெப்ரசோலும், சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும் சாப்பிட்டு வருகிறேன். உடலின் செல்கள் புரோட்டான்களைக் கொண்டுதான் ஆற்றலைத் தயாரிக்கின்றன என்று உயிரியல் படிக்கும் என் மகன் சொன்னான். ஓமெப்ரசோல் பெட்டியிலுள்ள தாளில் அது ‘புரோட்டான் பம்ப்’பைத் தடுக்கும் மருந்து என்று போட்டிருக்கிறது. சில மாதங்களாகத் தீராத களைப்பு. இந்த மாத்திரைதான் காரணமா? – வாசகி, ரோஸ் ஹில், மொரீஷியஸ்

பதில்: அம்மா, உங்கள் மகன் சொன்னதும் சரி, தாளில் அச்சிட்டிருப்பதும் சரி. ஆனால் அவை இரண்டும் வெவ்வேறு பம்புகள். ஓமெப்ரசோல் உங்கள் செல்களின் ஆற்றல் உற்பத்தியை நிறுத்துவதில்லை. எனினும் உங்கள் களைப்புக்கும் அதற்கும் வேறு வழியில் தொடர்பு இருக்கக்கூடும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஹைட்ரஜன் அணு தன் எலக்ட்ரானை இழந்தால் எஞ்சுவது புரோட்டான். உணவிலிருந்து பிரியும் எலக்ட்ரான்கள் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் படிப்படியாகக் கைமாறி ஆக்சிஜனை அடையும்போது வெளிப்படும் ஆற்றல், புரோட்டான்களை அதன் உட்சவ்வுக்கு வெளியே தள்ளுகிறது. சில நானோமீட்டர் தடிமனே உள்ள அந்தச் சவ்வின் இரு பக்கங்களுக்கிடையே ஏறத்தாழ 150 மில்லிவோல்ட் மின்னழுத்தம் உண்டாகிறது. குவிந்த புரோட்டான்கள் ஏடிபி சிந்தேஸ் என்ற நொதியின் வழியே உள்ளே திரும்பும்போது அந்த நொதியின் ஒரு பகுதி உண்மையாகவே சுழல்கிறது. செல்கள் தங்கள் வேலைகளுக்கு ஆற்றலாகச் செலவிடும் ஏடிபி மூலக்கூறுகள் ஒரு சுற்றுக்கு மூன்று உருவாகின்றன. பிரிட்டிஷ் உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்செல் 1961இல் இக்கருத்தை வெளியிட்டபோது ஏற்றவர்கள் சிலரே; 1978இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இரைப்பையின் பம்ப் அந்த ஏடிபியைச் செலவழித்து, பொட்டாசியத்தை உள்ளே எடுத்துக்கொண்டு புரோட்டானை வெளியேற்றுகிறது. அதனால்தான் இரைப்பை நீரில் புரோட்டான்களின் செறிவு இரத்தத்தில் உள்ளதைவிடப் பத்து லட்சம் மடங்கு வரை உயர்கிறது. ஓமெப்ரசோல் குடலில் உறிஞ்சப்பட்டு இரத்தத்தோடு உடல் முழுவதும் சென்றாலும், அமிலம் சுரக்கும் செல்களின் நுண்குழாய்களில் நிலவும் கடும் அமிலத்தன்மையில்தான் உருமாறி, அங்குள்ள பம்பைப் பற்றிக்கொள்கிறது. மைட்டோகாண்ட்ரியாவில் அத்தகைய அமிலத்தன்மை கிடையாது. சாப்பாட்டின்போதுதான் இந்தப் பம்புகள் அதிகம் இயங்கும் என்பதால், காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு மாத்திரையைப் போடச் சொல்கிறோம்.

மைட்டோகாண்ட்ரியாவின் புரோட்டான் ஓட்டத்தை உண்மையிலேயே குலைப்பது டைநைட்ரோஃபீனால். 1930களில் உடல் மெலிய விற்கப்பட்ட இந்தப் பொருள், ஆற்றலை ஏடிபியாக்க விடாமல் வெப்பமாக வீணடித்து, உடல் கொதித்துப் பலர் இறக்கக் காரணமாயிற்று. இன்றும் இணையத்தில் அதை விற்கிறார்கள். வீட்டில் யாரும் அதைத் தொடவே வேண்டாம்.

இனி உங்கள் களைப்பு. உணவிலுள்ள புரதத்திலிருந்து வைட்டமின் பி12ஐப் பிரித்தெடுக்க இரைப்பை அமிலம் தேவை. அதை நீண்ட காலம் குறைத்தால் பி12 குறையலாம். மெட்ஃபார்மினும் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கக்கூடியது. நீங்கள் இரண்டையும் சாப்பிடுகிறீர்கள். காவடி விரதத்தின் சில நாள் சைவத்தால் குறை வராது. ஆண்டு முழுவதும் சைவம் என்றால் அதையும் சேர்த்து எண்ண வேண்டும். கல்லீரலில் பல ஆண்டுகளுக்கான இருப்பு உள்ளதால் குறை மெதுவாகவே தலைகாட்டும். பாதம் மரத்துப்போனால் அது பி12 குறையாலும் இருக்கலாம்; சர்க்கரை நோயின் விளைவுதான் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதிரும் இசைக்கவையைக் கால் பெருவிரல் எலும்பில் வைத்து, அதிர்வு நிற்கும் நொடியை நீங்கள் உணர்கிறீர்களா என்று உங்கள் மருத்துவர் பார்க்கட்டும்.

பி12, ஹீமோகுளோபின், மெக்னீசியம், தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை அளவு ஆகியவற்றுக்கு இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஓமெப்ரசோலை நீங்களாக, திடீரென நிறுத்த வேண்டாம். அமிலம் முன்னிலும் அதிகமாகச் சுரந்து எரிச்சல் திரும்பும். அது இன்னும் தேவையா, அளவைக் குறைக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அல்சரில் இரத்தம் கசிந்தவர்களும் ஆஸ்பிரின் சாப்பிடும் சிலரும் அதைத் தொடர வேண்டியிருக்கும். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் விடுங்கள். மாலையில் கத்தோ பிமா (மிளகாய் சேர்த்த பருப்பு வடை) சாப்பிட்டால் எரிச்சல் கூடுகிறதா என்றும் கவனியுங்கள். மலம் கறுத்துப் போனாலோ, விழுங்குவது சிரமமானாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, நடக்கும்போது நெஞ்சு அடைத்தாலோ, பரிசோதனைக்குக் குறித்த நாள்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.